விஓஎஸ்வியூவர்: யார் யாரோடு எழுதினார்கள் என்று படம் போடும் மென்பொருள்

ஒரு ஆராய்ச்சியாளரைப் பற்றிப் பேச்செடுத்தாலே "எச்-இண்டெக்ஸ் எத்தனை?" என்று கேட்கிறவர்கள் நடுவில்தான் நான் வேலை பார்க்கிறேன். ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-ல் சொன்ன கணக்கு அது. தலா 20 மேற்கோளாவது (வேறு கட்டுரைகள் அதைச் சான்றாகக் குறிப்பிடுவது) வாங்கிய கட்டுரைகள் 20 இருந்தால் எச்-இண்டெக்ஸ் 20, அவ்வளவுதான். அந்த 20 கட்டுரைகளை அவர் தனியாக உட்கார்ந்து எழுதினாரா, முப்பது பேரில் ஒருவராகப் பெயர் போட்டுக்கொண்டாரா, பத்து வருஷமாக ஒரே ஆய்வகத்துக்குள் சுற்றிச் சுற்றி எழுதினாரா என்பதெல்லாம் அந்த எண்ணுக்குத் தெரியாது. அதைப் பார்ப்பதற்காகத்தான் விஓஎஸ்வியூவரை இறக்கினேன், இப்போது அது இல்லாமல் வேலை ஓடுவதில்லை.

நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் நேஸ் யான் வான் எக், லூடோ வால்ட்மன் இருவரும் உருவாக்கியது. இலவசம். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் போன்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளங்களிலிருந்து இறக்கிய கோப்பைக் கொடுத்தால் போதும், ஆசிரியர்களை வட்டங்களாகவும் சேர்ந்து எழுதியவர்களுக்கு நடுவே கோடுகளாகவும் போட்டுத் தந்துவிடும், அடிக்கடி சேர்ந்து எழுதுகிறவர்களை ஒரே நிறக் குழுவாகவும் பிரித்துக் காட்டும். வட்டத்தின் அளவைக் கட்டுரை எண்ணிக்கைக்கும் வைக்கலாம், மேற்கோள் எண்ணிக்கைக்கும் வைக்கலாம். இதை மாற்றி மாற்றிப் பார்த்தாலே பாதி விஷயம் புரியும், ஒன்றில் பூசணிக்காய் மாதிரி இருந்தவர் இன்னொன்றில் கடுகாகிவிடுவார். மேற்கோள் வலைக்கும் தனியாகப் படம் போடலாம், ஆனால் எனக்குப் பிடித்தது கூட்டாசிரியர் படம்தான்.

கவனிக்க வேண்டிய இடம் ஆரம்பத்திலேயே வருகிறது. ஃபுல் கவுண்டிங்கா, ஃப்ராக்ஷனல் கவுண்டிங்கா என்று கேட்கும், நிறைய பேர் யோசிக்காமல் முதலாவதை அழுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். முதலாவதில், பத்துப் பேருடன் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினால் பத்துப் பேருக்கும் தலா ஒரு முழு இணைப்பு. இரண்டாவதில் அந்த ஒன்றையே பத்தாகப் பங்கு போட்டு ஆளுக்குப் பத்தில் ஒன்று. பெரிய குழுக்கள் இருக்கும் துறையில் இது படத்தையே புரட்டிப்போடும். ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து 2015-ல் வெளியான கட்டுரையில் ஆசிரியர்கள் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேல், 33 பக்கங்களில் 24 பக்கம் பெயர்ப்பட்டியலும் முகவரிகளும்தான். அப்படி ஒரு கட்டுரை முழுக் கணக்கில் உள்ளே நுழைந்தால் மற்றவர்கள் ஐந்து வருஷம் சேர்ந்து உழைத்த உறவெல்லாம் எங்கே தெரியும்? நல்லவேளை, ஆசிரியர்கள் அதிகமாக உள்ள கட்டுரைகளை ஒதுக்கிவிடும் வசதியும் அதே பக்கத்தில் இருக்கிறது.

அடுத்தது பெயர்த் தொல்லை. இதில் மென்பொருளைக் குறை சொல்ல முடியாது, வருகிற தரவு அப்படி. ஒரு தரவுத்தளத்திலிருந்து நான் இறக்கிய கோப்பில் ஒரே பேராசிரியர் மூன்று வட்டங்களாக வந்து நின்றார். இனிஷியல் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, முழுப்பெயராக ஒன்று. கூத்து என்னவென்றால், அந்த மூன்றில் ஒருவர் மற்ற இருவரோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் வேறு நிறக் குழுவில் உட்கார்ந்திருந்தார். இதற்கு தெசாரஸ் கோப்பு என்று ஒரு வழி உண்டு. இரண்டே நெடுவரிசை, இடது பக்கம் தரவில் இருக்கும் பெயர், வலது பக்கம் எந்தப் பெயராக மாற்ற வேண்டுமோ அது. நாற்பது வரி கையால் தட்டினேன், ஒரு மாலை முழுக்கப் போனது. அப்புறம் படம் போட்டபோது தனித்தனியாக நின்ற இரண்டு குழுக்கள் அவர் வழியாக ஒட்டிக்கொண்டன. எச்-இண்டெக்ஸில் அவர் நடுத்தரம்தான், ஆனால் அந்த வட்டத்தை எடுத்துவிட்டால் படமே இரண்டாகப் பிளக்கும். இந்த மாதிரி ஆட்களைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்து இதைவிட எளிய வழி இல்லை.

குறை என்றால், படம் அழகாக இருப்பதுதான் முதல் குறை. நிறங்களைப் பார்த்ததும் ஏதோ இயற்கையிலேயே இருக்கும் குழுக்கள் மாதிரி நம்பத் தோன்றும். ஒருவருக்குக் குறைந்தது எத்தனை கட்டுரை இருந்தால் படத்தில் வரலாம் என்ற எல்லையை ஐந்திலிருந்து மூன்றாக்கிப் பாருங்கள், புதுமுகங்கள் உள்ளே வந்து குழுக்கள் கலைந்து வேறு மாதிரி சேரும். இடது, வலது, மேல், கீழ் எதற்கும் அர்த்தம் கிடையாது, படத்தைத் திருப்பிக்கூடப் போடலாம். யார் யாருக்குப் பக்கத்தில் என்பதுதான் விஷயம். இதைச் சொல்லாமல் படத்தை மட்டும் அறிக்கையில் ஒட்டிவிட்டு "நடுவில் இருப்பவர்தான் முக்கியமானவர்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அரை மதிப்பெண் மேலே சொன்ன எல்லை விஷயத்துக்காகக் குறைத்தேன். மீதி அரை, கடைசியில் வரும் அந்தக் கேள்விக்காக. சில ஆசிரியர்கள் யாரோடும் இணையவில்லை, இணைந்திருக்கும் பெரிய கூட்டத்தை மட்டும் காட்டட்டுமா என்று கேட்கும். சரி என்று அழுத்தினால் தனியாகவே எழுதுகிறவர் சத்தமில்லாமல் காணாமல் போவார். வேண்டாம் என்று அழுத்துங்கள். படத்தின் ஓரத்தில் கோடே இல்லாத வட்டங்கள் சில நிற்கும், அவற்றின் மேல் மவுஸை வைத்து, கீழே வரும் மேற்கோள் எண்ணிக்கையை ஒரு தடவை பாருங்கள்.