லென்ஸ் விதிப் பெட்டி: குழாய் அருமை, சுருள் அரைகுறை

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மின்காந்தத் தூண்டல் (காந்தம் நகர்ந்தால் அருகிலுள்ள உலோகத்தில் மின்னோட்டம் எழுவது) நடத்த ஆன்லைனில் வாங்கிய பெட்டி இது. உள்ளே செம்புக் குழாய், அதே நீளத்தில் பிளாஸ்டிக் குழாய், நியோடிமியக் காந்தம், கம்பிச்சுருள், நடுவில் பூச்சியம் உள்ள கால்வனோமீட்டர் (மின்னோட்டத்தின் திசையை முள் சாய்ந்து காட்டும் கருவி).

செம்புக் குழாய்க்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது. பிளாஸ்டிக்கில் டொக்கென்று விழும் காந்தம் இதில் ஆடி அசைந்து இறங்குகிறது. காந்தத்துக்குக் கீழே செம்பில் எழும் சுழல் மின்னோட்டம் அதைத் தள்ளுகிறது, மேலே எழுவது இழுக்கிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. 1834இல் இயற்பியலாளர் லென்ஸ் சொன்னது இதுதான்: தன்னை உண்டாக்கும் மாற்றத்தை எதிர்க்கும் திசையிலேயே மின்னோட்டம் எழும்.

சுருளில்தான் கோளாறு. வடமுனையை நுழைத்தால் முள் ஒரு பக்கம், வெளியே இழுத்தால் மறுபக்கம். சரி, அதில் குறையில்லை. ஆனால் கம்பி எந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கிறது என்று எங்கும் குறிக்கவில்லை. மேலே கருப்பு டேப் வேறு. அது தெரியாமல் மின்னோட்டம் இடஞ்சுழியா வலஞ்சுழியா என்று எப்படிச் சொல்வது? திசை காட்டத்தானே பெட்டியே! டேப்பைப் பிரித்துப் பார்த்து அம்புக்குறி வரைந்தேன். அப்புறம் டார்ச் செல்லைப் பெரிய மின்தடையோடு இணைத்து, மின்னோட்டம் எந்த முனையில் புகுந்தால் முள் எங்கே சாய்கிறது என்று பார்த்துக்கொண்டேன். வடமுனை நெருங்கும்போது, காந்தத்தின் பக்கமிருந்து பார்க்க இடஞ்சுழி. லென்ஸ் விதிப்படியே கச்சிதமாக வந்தது.

காந்தம் எளிதில் உடையும். குழாய்க்கு அடியில் துணி போட்டுக்கொள்ளுங்கள். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம்.