மைக் இல்லாத கிட்டார்ப் பதிவு: லைன் 6 ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப்

அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவு பத்து மணிக்கு மேல் கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பின் ஒலியளவைக் கூட்டி, அதன் முன்னால் மைக் வைத்துக் கிட்டாரைப் பதிவு செய்வது நடக்கிற காரியமில்லை. அந்த நெருக்கடிதான் லைன் 6 நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப்பை என்னை வாங்க வைத்தது. காலால் மிதிக்கும் மூன்று சுவிட்சுகள் கொண்ட இந்தச் சிறு பெட்டிக்குள் ஆம்ப், ஸ்பீக்கர் கேபினட், எஃபெக்டுகள் எல்லாம் டிஜிட்டல் வடிவில் இருக்கின்றன; யூஎஸ்பி கேபிளால் கணினியுடன் இணைத்துவிட்டால் ஒலியைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் தனி ஆடியோ இன்டர்ஃபேஸும் தேவைப்படுவதில்லை. விண்டோஸில் மட்டும் ஒலித் தாமதத்தைக் குறைக்கும் நிறுவனத்தின் ஏஎஸ்ஐஓ டிரைவரை முதலில் நிறுவிக்கொள்வது நல்லது.

ஆம்ப்களின் எண்ணிக்கையைவிட, கணினிக்கு இது சிக்னலை அனுப்பும் விதமே என்னைக் கவர்ந்தது. யூஎஸ்பி 1/2 சேனல்கள் வழியாக முழுமையான டோன் வரும்போதே, ஆம்ப்போ கேபினட்டோ தொடாத பச்சைக் கிட்டார் சிக்னல் 5/6 வழியாகத் தனியே வந்துவிடுகிறது. ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் இரண்டு ட்ராக்குகளைத் திறந்து இரண்டையும் சேர்த்தே பதிவு செய்வது இப்போது என் வழக்கம். அண்மையில் ஒரு பாடலுக்கு, மார்ஷல் ஜேசிஎம்800 ஆம்ப்பை ஒட்டி உருவாக்கப்பட்ட 'பிரிட் 2204' மாடலில் ஒலியின் கரகரப்பைக் கூட்டும் கெயினைத் தாராளமாக ஏற்றி ரிதம் வாசித்தேன். மறுநாள் காலையில் பேஸும் டிரம்ஸும் சேர்ந்தபோது கார்டுகள் கலங்கிப்போய்க் கேட்டன. பச்சை ட்ராக்கை யூஎஸ்பி 3/4 வழியாகப் பெட்டிக்கே திருப்பி அனுப்பி, சிக்னல் எங்கிருந்து வருகிறது என்பதைத் தீர்மானிக்கும் இன்புட் பிளாக்கையும் 3/4க்கு மாற்றி, கெயினைக் குறைத்து மறுபடி பதிவு செய்தேன். நான்கு நிமிடப் பாடலுக்கு அந்த நான்கு நிமிடம் முழுதும் ஓடித்தான் தீர வேண்டும். ஆனால் நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன், கிட்டாரைத் தொடவே இல்லை.

மைக் போய்விட்டதே தவிர, மைக்கைப் பற்றிய கவலை போகவில்லை. 2022இல் வந்த 3.50 ஃபெர்ம்வேரில் (பெட்டியின் உள் மென்பொருள்) கேபினட் பகுதி புதுப்பிக்கப்பட்டு, டிஜிட்டல் மைக்கை ஸ்பீக்கரின் நடுவிலிருந்து விளிம்புக்கு நகர்த்தவும், 1 அங்குலத்திலிருந்து 12 அங்குலம் வரை தள்ளி வைக்கவும், 45 பாகை சாய்க்கவும் வசதி வந்தது. 57 டைனமிக் மைக்கை நடுவிலிருந்து சற்றே விலக்கினால் காதைக் குத்தும் கூர்மை தணிகிறது. 121 ரிப்பன் மைக்கில் ஒலி உருண்டு திரண்டு வருகிறது. மைக்கே வேண்டாமென்று வந்தவன் திரையில் மைக்கை நகர்த்தியபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தது வேடிக்கைதான். ஆனாலும் கேபினட் பிளாக்கை விட்டுவிடக் கூடாது. அது இல்லாத டிஸ்டார்ஷன், அதாவது ஆம்ப்பின் கரகரப்பு, குளவிக்கூட்டைக் கலைத்தது போல இரையும்.

முதல் நாள் ஒவ்வொரு மீட்டலும் ஹெட்போனில் இரட்டையாகக் கேட்டதற்கு என் கவனக்குறைவே காரணம். பெட்டியிலிருந்து நேரடியாக ஒலி வந்துகொண்டிருக்க, வாசிப்பதை உடனே திருப்பிக் கேட்கவைக்கும் ரீப்பரின் மானிட்டரிங்கையும் அணைக்காமல் விட்டிருந்தேன். அதை அணைத்து, ஹெட்போனைப் பெட்டியிலேயே செருகியதும் தாமதம் உணரப்படவே இல்லை.

2020இல் வந்த 3.0 ஃபெர்ம்வேருக்குப் பிறகு ஒரு ப்ரீசெட்டில் (சேமித்துவைக்கும் டோன் அமைப்பு) ஆம்ப், எஃபெக்ட் போன்ற பிளாக்குகள் எட்டு வரை வைக்கலாம். அதற்கு முன் ஆறுதான். வீட்டுப் பதிவுக்கு எட்டே தாராளம். திரை சிறியதாகையால் கணினியில் ஹெச்எக்ஸ் எடிட் மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டே டோனைச் செதுக்குகிறேன். இது 9 வோல்ட்டில் 3 ஆம்பியர் கேட்பதால், வழக்கமான பெடல் பவர் சப்ளைகள் பெரும்பாலும் போதாது. கூடவே வரும் அடாப்டரைத் தொலைத்துவிடாதீர்கள்.