வெள்ளவத்தை சைக்கிள் பாஸ்: செயின் வழுக்குதெண்டா இவரிட்ட கொண்டு போங்கோ

கொழும்பு வெள்ளவத்தையில போர்டு இல்லாத ஒரு சைக்கிள் திருத்துற கடை. கோல் ரோட்டில இருந்து கடல் பக்கம் இறங்கிற லேன் ஒண்டுக்குள்ள ஒரு ஷட்டர், வாசல்ல ரெண்டு ஸ்டாண்ட், அவ்வளவுதான். நாலு மாசமா என்ர சைக்கிள் இவரிட்டத்தான் போகுது.

ஏன் போனன் எண்டதை முதல் சொல்லோணும். நாங்கள் ஏழெட்டுப் பேர் சனிக்கிழமை விடிய அஞ்சேகாலுக்கு வெள்ளவத்தை ஸ்டேஷனடியில சேர்ந்து, மெரைன் டிரைவால காலிமுகத்திடல் போய், அங்கயிருந்து பத்தரமுல்லைப் பக்கம் பாராளுமன்ற ரோட்டில சுத்திப்போட்டு திரும்பவும் மெரைன் டிரைவால வாறனாங்கள். ட்ரெயினிங் எண்டுதான் பேர். ஆனா பம்பலப்பிட்டி ஸ்டேஷன் தாண்டினதும் எல்லாற்ற கதையும் நிண்டிடும். வெள்ளவத்தை ஸ்டேஷனுக்கு ஆர் முதல் எண்டதுதான் பிறகு. ரேஸ் எண்டு ஒருத்தரும் ஒருநாளும் வாயால சொன்னதில்ல.

எனக்குப் போட்டி ஆரெண்டா, பாங்கில வேலை செய்யிற ஒரு அண்ணை, என்னை விட பத்து வயசு மூப்பு. பக்கத்தில கதைச்சுக்கொண்டு ஓடுவார், ஆனா அவற்ற முன் ரயர் எப்பவும் என்ர ரயருக்கு அரை ரயர் முன்னுக்குத்தான் நிக்கும், நான் சமமா வந்தா அவர் இன்னும் கொஞ்சம் கூட்டுவார், அப்பிடியே ரெண்டு பேரும் மூச்சு வாங்குறதைக் காட்டாம கதைச்சுக்கொண்டு போவம். சோளகம் எண்ட தென்மேல் காத்து அடிக்கிற மாசங்களில திரும்பி வரேக்க காத்து வலப்பக்கம் கடலால முகத்துக்கு அடிக்கும். அப்ப அவர் எனக்கு இடப்பக்கம் பின்னால வந்து ஒதுங்கிடுவார். மணிக்கு 30 கிலோமீற்றரில இருந்து 40க்கு வேகத்தை ஏத்தோணுமெண்டா காத்தை வெட்டுறதுக்கு மட்டும் ரெண்டு மடங்குக்கு மேல பலம் வேணும், அதை நான் குடுக்க அவர் சேமிச்சு வச்சு கடைசி இருநூறு மீற்றரில வெளிய வருவார். அதில ஒரு பிழையும் இல்ல, ஓடத் தெரிஞ்ச மனுசன், அவர் இல்லாட்டி நான் இண்டைக்கும் ஆறுதலா உலாத்திக்கொண்டுதான் இருப்பன்.

பிரச்சினை என்னெண்டா, அவர் வெளிய வரேக்க நானும் எழும்பி மிதிச்சா என்ர செயின் ‘டக்’கெண்டு வழுக்கும். சாதாரணமா ஓடேக்க ஒண்டும் இல்ல, சின்னப் பல்லில முழுப் பாரமும் விழேக்க மட்டும்தான். ஒருக்கா நெஞ்சு ஹாண்டிலில அடிபட்டு விழப் பார்த்தனான். வேற ஒரு கடையில புதுச் செயின் போட்டும் நிக்கேல்ல, அங்க கேட்டா கியரை டியூன் பண்ணோணும் எண்டு திரும்பத் திரும்பக் காசுதான்.

இந்த பாஸ் பழைய செயின் இருக்கோ எண்டு கேட்டார். நல்ல காலம், எறியாம வச்சிருந்தன். உருக்கு அடிமட்டத்தைச் செயினில வச்சு 12 அங்குலத்தை அளந்து காட்டினார், ஆணி 12இல நிக்கோணும், என்ரயில ஒரு நூல், அதாவது அங்குலத்தில எட்டில ஒரு பங்கு, தள்ளி நிண்டுது. “அரை நூல் போனா செயின மாத்தணும் தம்பி, ஒரு நூல் போனா பின் பல்லயும் திண்டுட்டுது எண்டு அர்த்தம், தேஞ்ச பல்லில புதுச் செயின் பிடிக்காது” எண்டார். கசெட்டை, அதான் பின் சில்லுப் பல்லுச் செட்டை, மாத்தினார், வழுக்கல் அண்டைக்கே நிண்டுது. மெரைன் டிரைவில ஓடுற ஆக்கள் வீட்ட போனதும் உப்புக்காத்துப் பட்ட செயினைத் துடைக்கோணும், உருளை ஒண்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வெளியால நிக்கிற எண்ணெயைத் திருப்பித் துடைச்சிடோணும் எண்டு துணியும் கையுமா செய்து காட்டினார், அதுக்குக் காசு வாங்கேல்ல.

அந்த அண்ணையும் இவரிட்டத்தான் சைக்கிள் குடுக்கிறவர். ரயருக்கு எவ்வளவு காத்து அடிக்கிறார் எண்டு நான் கேட்டுப் பார்த்தன். “அத அவருட்டயே கேளுங்க” எண்டு சொல்லிப்போட்டு வேலையைப் பார்த்தார். அந்த ஒரு சொல்லோட இவரில எனக்கு மதிப்பு கூடிட்டுது.

குறை எண்டா, ஃபோன் எடுக்கமாட்டார், வேலைக்கு ரெண்டு நாள் வேணும், ஹைட்ரோலிக் பிறேக் வேலை எடுக்கிறேல்ல. கூலி நியாயம், சாமானுக்கு பில்லைக் காட்டித்தான் காசு எடுப்பார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பூட்டினா மூண்டு மணிக்குப் பிறகுதான் திறப்பார், சனிக்கிழமை ஓடுற ஆக்கள் வியாழனே கொண்டுபோய்க் குடுங்கோ.

போன கிழமை செயின் கடைசி வரைக்கும் பிடிச்சுது. அண்ணை அரை ரயரால வெண்டார்.