கைடா, குத்துச்சண்டை ரிங்கா?

ஆங்கில மரபுத்தொடர்களைக் கைடு வைத்து மனப்பாடம் செய்வது ஒரு வழி. ‘பீஸ் ஆஃப் கேக்’ என்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. இதற்கெல்லாம் கைடே போதும். பரீட்சை முடிந்ததும் பாதி மறந்துவிடும், அது வேறு விஷயம்.

ராயபுரம், வியாசர்பாடிப் பக்கம் குத்துச்சண்டை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. தன் ஆள் இனித் தாங்க மாட்டான் என்று தெரிந்தால் பயிற்சியாளர் துண்டை ரிங்குக்குள் வீசுவது பழைய வழக்கம். ‘த்ரோ இன் த டவல்’ என்றால் தோல்வியை ஒப்புக்கொண்டு கைவிடுவது. இடுப்புக்குக் கீழே குத்தினால் ஃபவுல்; ‘பிலோ த பெல்ட்’ என்பது முறைகெட்ட தாக்குதல், வாய்ச்சண்டையிலும்தான். ரவுண்டு முடியும் மணி அடித்து அடி வாங்குகிறவன் பிழைப்பது மாதிரி, கடைசி நொடியில் தப்பினால் ‘சேவ்டு பை த பெல்’.

என் ஓட்டு ரிங்குக்குத்தான். நாளைக்கே இன்டர்வியூ என்றால் மட்டும், பேசாமல் கைடைப் புரட்டுங்கள்.