குரோமாக்ஸ்: பிரஷர் ஆடுகிறதே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

காரைக்குடி பக்கம் மாலிகுலர் டைனமிக்ஸ், அதாவது மூலக்கூறுகள் எப்படி அசைகின்றன என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பது, பழகுகிறவர்கள் யார் கேட்டாலும் குரோமாக்ஸ் சாஃப்ட்வேரைத்தான் சொல்கிறேன். இலவசம், சோர்ஸ் கோடு திறந்தே கிடக்கிறது, சுமாரான கேமிங் கார்டு போட்ட கம்ப்யூட்டரிலேயே நன்றாக ஓடும். பராமரிப்பு என்று காலையிலேயே கரண்டை நிறுத்தினாலும் பயமில்லை. 15 நிமிடத்துக்கு ஒருமுறை செக்பாயின்ட் எழுதி வைத்துவிடும், கரண்ட் வந்ததும் அங்கிருந்து தொடரலாம். ஐந்துக்கு நாலு.

அந்த ஒரு மார்க் ஏன் போனது என்றால், பிரஷர். "அண்ணே, 1 பார்தான் கொடுத்தேன், மைனஸ் 400 காட்டுது, அடுத்த வரியில பிளஸ் 300, சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சா?" என்று ஜூனியர்கள் வந்து நிற்பார்கள். கெடவில்லை தம்பி. சாஃப்ட்வேரோடு கூடவே வருகிற 216 தண்ணீர் மூலக்கூறு பெட்டியை ஓட்டினால் 500, 600 பார் ஆடுவது சாதாரணம். மூலக்கூறு எண்ணிக்கையை நூறு மடங்காக்கினால் ஆட்டம் பத்தில் ஒன்றாகும், அவ்வளவுதான், முழுசாக நிற்காது.

காரணம், பிரஷர் என்பது இயக்க ஆற்றல் தரும் பங்குக்கும் மூலக்கூறுகள் இழுத்துத் தள்ளுகிற விசைகளின் பங்குக்கும் நடுவே மிஞ்சுவது. பழைய வட்டிக்கடைப் பேரேடு மாதிரி, வரவும் பற்றும் லட்சத்தில் ஓடும், மிச்சம் சொற்பம், ஒரு பக்கம் லேசாக அசைந்தாலே மிச்சம் மைனஸுக்குப் போய்விடும். போதாக்குறைக்குத் தண்ணீர் எளிதில் அமுங்காது, கன அளவை ஒரு சதவீதம் குறைத்தாலே 200 பாருக்கு மேல் ஏறும்.

இதையெல்லாம் மேனுவலில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் எனர்ஜி கமாண்ட் அச்சடிக்கிற அட்டவணையில் ஆவரேஜ், எர்ரர் எஸ்டிமேட், ஆர்எம்எஸ்டி மூன்றையும் ஒரு விளக்கமும் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருப்பதால், புதியவர்கள் ஆர்எம்எஸ்டியில் இருக்கிற பெரிய எண்ணைப் பார்த்து அதுதான் பிழை என்று நினைத்து அரண்டுபோகிறார்கள். அது ஆட்டத்தின் அளவு மட்டுமே. சராசரி எவ்வளவு நம்பகம் என்பதற்கு எர்ரர் எஸ்டிமேட்டைப் பாருங்கள், 1 பார் அந்த வரம்புக்குள் விழுந்தால் சரி. அதைவிட அடர்த்தி கிராஃப் நல்ல சாட்சி, எஸ்பிசி/இ என்கிற தண்ணீர் மாடல் என்றால் கன மீட்டருக்கு 1000 கிலோவுக்குப் பக்கத்தில் நிலையாக நிற்க வேண்டும்.

பிரஷரைக் கொடுத்த அளவில் பிடித்து வைக்கிற முறைக்குப் பேரோஸ்டாட் என்று பெயர், அதில் பழைய பெரெண்ட்சனை விட்டுவிடுங்கள். சராசரி சரியாக வரும், கன அளவின் ஏற்ற இறக்கம் தப்பாக வரும். பாரினெல்லோ-ரஹ்மான் நல்லதுதான், ஆனால் சமநிலைக்கு வராத பெட்டியில் போட்டால் பெட்டியே ஊஞ்சலாடும். 2021 பதிப்பில் வந்த சி-ரீஸ்கேல், சமநிலைக்குக் கொண்டுவரவும் அதற்குப் பிறகு ஓட்டவும், இரண்டு வேலைக்கும் ஒத்துவரும், நான் இப்போது அதைத்தான் போடுகிறேன்.

அப்புறம், விண்டோஸில் நேரடியாக நிறுவ மல்லுக்கட்ட வேண்டாம். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டவிடுகிற டபிள்யூஎஸ்எல்லில் உபுண்டு போட்டுக்கொண்டால் வேலை சீக்கிரம் முடியும்.