ஏற்காடு ஏறும் பிக்கப்புக்கு ஏடிஎஃப் மாற்றம்: வீட்டு வாசலிலா, ஃப்ளஷ் மெஷினிலா?

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். உர மூட்டையோ சிமென்டோ ஏற்றிக்கொண்டு ஊர்ந்து திரும்பும்போது, ஆட்டோமேட்டிக் வண்டியில் இன்ஜின் சக்தியை எண்ணெய் வழியாகக் கியர் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகாது. வழுக்கிக்கொண்டேதான் சுற்றும். அந்த வழுக்கலின் சூடு முழுவதும் ஏடிஎஃப் எனும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய்க்குள்தான் போகிறது. எனவே ஹைலக்ஸ், வி-கிராஸ் மாதிரி ஆட்டோமேட்டிக் பிக்கப்பை மலைக்கு ஓட்டுகிறவர்கள் ‘ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்’ என்ற பேச்சை நம்ப வேண்டாம். 80,000 கிலோமீட்டரை எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது. (மேனுவல் லாரி, மேனுவல் பெட்டியிலேயே கியரைத் தானாக மாற்றும் ஏஎம்டி வண்டிகளுக்கு இந்தக் கதை பொருந்தாது.)

வழி இரண்டு. ஒன்று, வீட்டிலேயே கியர் பெட்டியின் அடித்தட்டைக் கழற்றி, ஃபில்டரை மாற்றி, வடிந்த அளவுக்குப் புது எண்ணெய் ஊற்றுவது. இன்னொன்று, பட்டறையில் எண்ணெயை ஆற்றும் கூலரின் குழாயில் ஃப்ளஷ் மெஷினை மாட்டி மொத்த எண்ணெயையும் தள்ளி மாற்றுவது.

செலவுக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மெஷின் ஒரே மூச்சில் 10, 12 லிட்டர் குடிக்கும். வீட்டில் ஒருமுறை வடித்தால் 4 லிட்டர் சுமாருக்குத்தான் வரும். மீதி கன்வெர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் 40 சதவீதம் மாறுகிறது என்று வைத்தால், பழைய எண்ணெய் முதல் தடவைக்குப் பின் 60, அடுத்து 36, மூன்றாவதில் 22 சதவீதம். நடுவில் சில நாள் ஓட்டிவிட்டு மூன்று தடவை வடித்தால் ஏறக்குறைய அதே 12 லிட்டர்தான். எண்ணெயில் மிச்சம் பெரிதாக இல்லை, கூலிதான் மிச்சம். முழுமையில் மெஷினுக்கே வெற்றி.

ஆனாலும் என் ஓட்டு வீட்டு வாசலுக்கே. மெஷின் வேலையில் பெரும்பாலும் அடித்தட்டைத் தொடுவதில்லை. பழைய ஃபில்டர் அப்படியே இருக்கும், தட்டில் இருக்கும் காந்தம் என்ன பிடித்து வைத்திருக்கிறது என்று யாரும் பார்க்க மாட்டார்கள். விபூதியைக் குழைத்த மாதிரி சாம்பல் நிறப் பசை இருந்தால் சாதாரணத் தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் இரும்புச் சில்லோ, தட்டில் பித்தளை நிறத் தூளோ கிடந்தால் எண்ணெய் மாற்றி எதுவும் ஆகாது, கியர் பெட்டியைப் பிரிக்கத்தான் வேண்டும்.

வேலை முறையில் முதல் விதி: வடிக்கும் போல்ட்டைத் தொடுவதற்கு முன் ஊற்றும் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். அது இறுகிக்கொண்டால், எண்ணெயை வடித்த வண்டி வாசலிலேயே நிற்கும். பழைய ஃபில்டரை இழுக்கும்போது அதன் ஓரிங் (ரப்பர் வளையம்) மேலே துளையிலேயே ஒட்டிக்கொள்ளும். கவனிக்காமல் புதியதை ஏற்றினால் சீல் உட்காராமல் பம்ப் காற்றை இழுக்கும், புது எண்ணெய் ஊற்றியும் வண்டி நகராது. ரப்பர் கேஸ்கட் வந்திருந்தால் மேலே சிலிகான் பூசாதீர்கள். பிதுங்கிய துணுக்கு ஃபில்டரில் போய் அடையும். தட்டைத் துடைக்கப் பனியன் வேஸ்ட் ஆகாது, நூல் விடும். தட்டின் போல்ட்டுகள் சின்ன எம்6. கையேட்டில் வேறு அளவு இல்லை என்றால் 7 நியூட்டன் மீட்டர் போதும், குறுக்கும் நெடுக்குமாக முடுக்குங்கள். லாரி வீல் நட்டை முடுக்கிப் பழகிய கை இங்கே அலுமினிய மரையைத் தின்றுவிடும்.

இவை எல்லாவற்றையும் விட முடிவைத் தீர்மானிப்பது எண்ணெய் அளவு பார்க்கிற இடம். இந்தப் பெட்டிகளில் டிப்ஸ்டிக் கிடையாது. இன்ஜின் ஓடும்போது, சமதரையில், எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில் இருக்கையில், மிஞ்சிய எண்ணெய் வழிவதற்கென்று உள்ள போல்ட்டைத் திறக்க வேண்டும். தாரை மெலிந்து சொட்டாகும்போது மூடினால் அளவு சரி. அந்தச் சூடு பெட்டிக்குப் பெட்டி மாறும், பெரும்பாலும் 40 டிகிரியை ஒட்டி இருக்கும். கையேட்டில் உங்கள் பெட்டிக்கான எண்ணைப் பாருங்கள்.

நெடுஞ்சாலையில் ஓடி வந்த வண்டியை நேரே பட்டறையில் ஏற்றினால் எண்ணெய் 90 டிகிரியில் இருக்கும். 10 லிட்டர் எண்ணெய் 40லிருந்து 90க்குப் போனால் சுமார் 400 மில்லி பெருகும். அந்தச் சூட்டில் வழிய விட்டு மூடினால், ஆறிய பிறகு அவ்வளவும் குறைவு. சமவெளியில் இது தெரியாமலே போகலாம். ஏற்றத்தில் எண்ணெய் தட்டின் பின்பக்கம் ஒதுங்கும், ஃபில்டரின் வாய் காற்றை இழுக்கும். வளைவில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் உறுமும், வண்டி ஒரு நொடி தயங்கி நகரும். இந்தத் தயக்கத்துக்குக் கியர்பாக்ஸையே குறை சொல்வார்கள், அளவை யாரும் சந்தேகப்படுவதில்லை.

வண்டி ஆறும்வரை காத்திருந்து, வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் எண்ணெய்ச் சூடு பார்க்கும் பட்டறை கிடைத்தால் இந்தக் குறை இல்லை. வீட்டிலோ காத்திருப்பதற்குக் காசு இல்லை. ஆனால் சேலத்து ஏப்ரல் மதியம் வேலைக்கு ஆகாது. வெயிலில் நின்ற வண்டியின் எண்ணெய் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே 40ஐத் தொட்டிருக்கும். இரவு முழுக்க ஆறிய வண்டியில் விடிகாலை ஐந்தரைக்குத் தொடங்குங்கள். ஏற்காட்டில் இந்த அவசரம் இல்லை, எண்ணெய் சூடேறவே நேரமாகும். ஸ்கேனர் இல்லாமல் இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் பார்த்தால் தட்டில் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் குறி வையுங்கள், பளபளப்பான உலோகம் பொய் காட்டும். அளவு பார்க்கும் முன் பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியரிலும் சில நொடி நிறுத்தி, ‘பி’யில் கொண்டு வந்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுத்தான் அடியில் போக வேண்டும். முன்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் அளவு தப்பும். தெரிந்த லாரி ஷெட்டில் பிட் (வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யும் பள்ளம்) ஒன்று கிடைத்தால் அதுவே உத்தமம்.

மெஷினே தேவைப்படும் இடமும் உண்டு. ரேடியேட்டர் தண்ணீர் கலந்து எண்ணெய் ரோஸ் மில்க் நிறத்தில் வந்தால் நாலு லிட்டர் வடிப்பது வீண். கூலரைச் சரிசெய்து மொத்தமும் கழுவ வேண்டும், அப்படியும் கிளட்ச் தட்டுகள் தப்புவது சந்தேகம். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் ஒருமுறைகூட மாற்றாத பெட்டியை ஃப்ளஷ் செய்யலாமா என்பதில் மெக்கானிக்குகளிடையே ஒத்த கருத்து இல்லை. அப்படிப்பட்ட வண்டியில் ஒரு தடவை தட்டைக் கழற்றி காந்தத்தைப் பார்த்த பிறகு அடுத்ததை யோசிக்கலாம்.

வடித்த எண்ணெயை அளந்து, மூடி போட்ட கேனில் பிடித்து, கழிவு எண்ணெய் எடுக்கும் உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள். மலையில் வாய்க்காலில் ஊற்றினால் அது கீழ்த்தோட்டத்துக் கிணற்றுக்குத்தான் போகும்.