ரவுட்டரில் ஹார்ட் டிஸ்க்கா, தனி நாஸ் பெட்டியா?

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் நான்கு போன், இரண்டு லேப்டாப், ஒரு டிவி. படங்கள் எல்லாவற்றிலும் சிதறிக் கிடந்தன. ஓரிடத்தில் சேர்க்க இரண்டு வழிகள் இருந்தன. கையிலிருந்த 2 டிபி போர்ட்டபிள் டிஸ்க்கை ரவுட்டரின் யூஎஸ்பி போர்ட்டில் செருகுவது ஒன்று, இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் இணைத்து எல்லாக் கருவிகளும் பகிர்ந்துகொள்ளும் சேமிப்புப் பெட்டி, வாங்குவது மற்றது. யூனிட்டி பிளாசாவில் இரண்டு நாள் ஏறி இறங்கி விலை கேட்டுவிட்டு, முதலாவதையே எடுத்தேன். ஒன்றரை வருடமாகிறது.

செலவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாஸ் பெட்டி பெரும்பாலும் வெறுமையாகத்தான் வரும், டிஸ்க்குக்குத் தனிக் காசு. வேகத்தில் நாஸ்தான் மேல். ரவுட்டரின் நெட்வொர்க் கேபிள் போர்ட் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) என்றால், எட்டு பிட் ஒரு பைட் என்பதால், நொடிக்கு ஏறக்குறைய 12 மெகாபைட்டுக்கு மேல் வராது. டிவியில் படம் பார்க்க அது தாராளம்.

என்னை முடிவெடுக்க வைத்தது கரண்ட். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலை என்று சொல்லி நாடு முழுவதும் கரண்ட் போனது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் எந்த டிஸ்க்கிலும் கோப்புகள் கெடலாம். ஆகவே எதை வாங்கினாலும் கூடவே யூபிஎஸ், அதாவது கரண்ட் போனாலும் சிறிது நேரம் தாங்கும் பேட்டரி, வேண்டும். நாஸ் பெட்டிக்குள் இருப்பவை பெரும்பாலும் 3.5 அங்குல டிஸ்க்குகள். அவை அதிக மின்சாரம் இழுப்பதால் மேசைக் கணினிக்கு வைக்கும் பாரமான யூபிஎஸ் வேண்டும், அதன் பேட்டரியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். 2.5 அங்குல டிஸ்க்கோ யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும். வைஃபை நிற்காமலிருக்க ரவுட்டருக்கு வைத்த 12 வோல்ட் மினி யூபிஎஸ் அதையும் சேர்த்துத் தாங்கும்.

தாங்கும் என்று நம்பித்தான் முதலில் 1 ஆம்பியர் யூபிஎஸ் வைத்தேன். கரண்ட் போன நொடியில் ரவுட்டர் அணைந்து மறுபடி எழும்பியது, டிஸ்க்கில் ஒன்றும் எழுத முடியவில்லை. கழற்றி லேப்டாப்பில் செருகி, டிஸ்க் பிழைகளைத் திருத்தும் விண்டோஸின் செக் டிஸ்க்கை ஓட்டியதும் சரியாகிவிட்டது. நாஸ் டிஸ்க்கை இப்படிக் கழற்றிச் செருகினால் விண்டோஸ் படிக்காது, அது லினக்ஸ் முறையில் எழுதப்பட்டது. பிறகு 2 ஆம்பியருக்கு மாறினேன், இதுவரை தொல்லையில்லை. ஆனால் அதற்குப் பின் நீண்ட வெட்டு எதுவும் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல நாஸ் என்றால் யூபிஎஸ் தீரும் முன் தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும். ரவுட்டருக்கு அந்தப் புத்தி இல்லை.

வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள்: நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் மொழியான எஸ்எம்பியில் ரவுட்டர் 2ஆம் அல்லது 3ஆம் பதிப்பைப் பேச வேண்டும். பழையவற்றில் எஸ்எம்பி 1 மட்டும்தான். 2017 கடைசியிலிருந்து புதிதாக நிறுவும் விண்டோஸ் 10இல் அது இயல்பாக இருப்பதில்லை, சில பதிப்புகளில் இருந்தாலும் பயன்படுத்தாவிட்டால் தானே நீங்கிவிடும்.

நாஸை நான் பழகியது தெஹிவளையில் மச்சான் வீட்டில் மட்டும். "உன்ர டிஸ்க் செத்தா என்ன செய்வாய்?" என்று கேட்டார். மாதம் ஒருமுறை பழைய டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து அலுமாரியில் வைக்கிறேன் என்றேன். அவருடைய இரண்டு டிஸ்க்கும் ஒன்றின் நகலாக மற்றது ஓடுபவை, தவறி அழித்த படம் இரண்டிலிருந்தும்தானே போகும்!

போன் படங்கள் தானாக வந்து சேர்வதில் மட்டும் அவருடைய பெட்டி சுகம். இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் உட்கார்ந்து மாற்றுகிறேன்.